ஏரியிலிருந்து எப்படிப் பனி கொட்டும்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். அமெரிக்காவில் ஏரிக்கரை ஊர்களில் இருக்கும் பிள்ளைகள், அங்கே கொட்டும் பனி, அதில் அவர்கள் வண்டி ஓட்டுவது. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் இத்தனை வீடுகளில் இந்தக் கவலை இருக்கிறது என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. பஃபலோவுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் ஒன்பது குளிர்காலம் இருந்துவிட்டு மண்டபத்துக்குத் திரும்பியவன் நான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் மகன் பஃபலோவில் எம்.எஸ். படிக்கிறான். நவம்பர் வந்தால் "லேக் எஃபெக்ட் வார்னிங் போட்டிருக்காங்கம்மா, காலேஜ் லீவு" என்கிறான். ஏரியில் தண்ணீர்தானே இருக்கும், அதிலிருந்து எப்படிப் பனி வரும்? ஏதாவது சாக்குச் சொல்கிறானா?
– ஒரு தாய், தொண்டி

சாக்கு இல்லை அம்மா, பிள்ளை உண்மையைத்தான் சொல்கிறான். முதலில் இரண்டு சொல்லைச் சரிபண்ணிக்கொள்வோம். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் கோலம் போடும்போது தலையில் இறங்குகிற ஈரம், வெயில் ஏறினால் போய்விடும். அங்கே விழுவது ஸ்னோ. பஞ்சு மாதிரி விழும், விழுந்தது போகாது, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே இருக்கும். அடுத்து ஏரி. ஏரி என்றதும் நம் கண்ணுக்கு ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்தான் வரும். பஃபலோவை ஒட்டியிருக்கிற ஈரி ஏரியின் நீளம் 388 கி.மீ., அதாவது ராமநாதபுரத்திலிருந்து திருச்சிக்குப் போய்த் திரும்புகிற தூரம் ஏறக்குறைய. பரப்பு 25,700 சதுர கி.மீ., நம் மாவட்டத்தைப் போல ஆறு மடங்கு. மறுகரை தெரியாது, அலை அடிக்கும், கப்பல் போகும். உப்புக் கரிக்காத கடல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கோடை முழுக்க வெயில் குடித்த தண்ணீர் சட்டென்று ஆறாது. தரை குளிர்ந்துவிட்ட நவம்பரிலும் ஏரித் தண்ணீர் 8, 10 டிகிரியில் இருக்கும். அந்த நேரத்தில் கனடாப் பக்கமிருந்து உறைநிலைக்கும் கீழே போன காற்று இறங்கி ஏரிமேல் ஓடுகிறது. நமக்கு 10 டிகிரித் தண்ணீர் கையை மரத்துப்போக வைக்கும், ஆனால் அந்தக் காற்றுக்கு அது கொதிக்கிற இட்லிப் பானை. தண்ணீரை ஒட்டி வருகிற காற்று சூடேறி, ஆவியை வாங்கிக்கொண்டு மேலே எழும்புகிறது, மேலே இருக்கிற குளிரில் அந்த ஆவி மேகமாகி ஸ்னோவாக உறைகிறது, கரை வந்ததும் கொட்டிவிடுகிறது. இதைத்தான் அங்கே லேக் எஃபெக்ட் என்கிறார்கள். ஏரியின் மேல்மட்டத்துக்கும் ஒன்றரை கி.மீ. உயரத்தில் இருக்கிற காற்றுக்கும் 13 டிகிரி வித்தியாசம் இருந்தால் உஷாராகிவிட வேண்டும் என்பது அங்கே வானிலை பார்ப்பவர்களின் கணக்கு. காற்று எவ்வளவு தூரம் தண்ணீர்மேல் ஓடி வருகிறதோ அவ்வளவு ஆவி சேரும். பஃபலோ இருப்பது ஈரி ஏரியின் கிழக்கு நுனியில். தென்மேற்கிலிருந்து, நம் கச்சான் வீசுகிற மாதிரி, காற்று வந்தால் ஏரியின் முழு நீளத்துக்கும் ஓடிவந்து அத்தனையையும் அந்த நுனியில் இறக்கிவைக்கும்.

இதில் உங்கள் மகன் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இந்தப் பனி ஊர் முழுக்கச் சமமாகப் பெய்யாது. பத்து, இருபது கி.மீ. அகலத்தில் ஒரு பட்டையாக வந்து ஓரிடத்தில் நின்றுகொண்டு மணிக்கு 5 செ.மீ., 10 செ.மீ. என்று கொட்டும், சில சமயம் இடி மின்னலோடு. பட்டைக்கு வெளியே வெயில் அடிக்கும். 2014 நவம்பரில் பஃபலோவின் வடக்குப் பக்கம் சில அங்குலம்தான் விழுந்தது, தெற்குப் பக்கம் ஐந்து அடிக்கு மேல். நமக்கு இது புதுசு இல்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, தீவைத் தாண்டி ராமநாதபுரம் வந்தால் அதில் ஒரு பங்குதான். அது வேறு காரணத்தால் வந்த மழை, ஆனாலும் ஒரு சின்ன இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மேகம் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு நாம் பார்த்தோம்.

ஆகவே "என் ஜன்னலுக்கு வெளியே வானம் வெளுத்துத்தான் இருக்கு" என்று அவன் சொன்னால் அதை நம்பி நீங்கள் நிம்மதியாக வேண்டாம். அவன் போகிற இடத்துக்கும் வழிக்கும் என்ன எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

நமக்கும் கடல் இருக்கிறது, வாடைக் காற்றும் வருகிறது. அப்படியென்றால் பாம்பனில் ஏன் ஸ்னோ விழுவதில்லை?
– எட்டாம் வகுப்பு மாணவி, பாம்பன்

நல்ல கேள்வி பாப்பா. வாடை செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். வடகிழக்கிலிருந்து வருகிற காற்று வங்காள விரிகுடா மேல் ஓடி ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் கரையில் ஐப்பசி, கார்த்திகை மழையாகக் கொட்டுகிறது. வித்தியாசம் சூட்டில்தான். நம் கடல் 28 டிகிரி, மேலே வருகிற காற்றும் வெதுவெதுப்பு. நம் ஊருக்கு மேலே ஏறக்குறைய 5 கி.மீ. உயரம் போனால்தான் உறைகிற குளிர் கிடைக்கும். பெரிய இடிமேகங்களின் உச்சியில் ஐஸ்தான் இருக்கிறது, அது கீழே வரும் வழியில் உருகி உன் தலையில் மழையாக விழுகிறது. உப்புக் கடலிலும் ஸ்னோ உண்டாகும். சைபீரியாவிலிருந்து வருகிற குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது இதே மாதிரி ஈரம் வாங்கி, ஜப்பானின் மேற்குக் கரை ஊர்களை மூடிவிடும். 2020 டிசம்பரில் அங்கே ஒரு விரைவுச் சாலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் பனியில் மாட்டிக்கொண்டு நின்றன.

ஏரியே உறைந்துவிட்டால் பனி இன்னும் கூடுமா, குறையுமா?
– ஓர் ஆசிரியர், மண்டபம்

குறையும். பானைக்கு மூடி போட்ட மாதிரி, ஆவி வெளியே வராது. ஈரி ஏரி ஆழமில்லாதது, சராசரி 19 மீட்டர்தான், அதனால் நல்ல குளிர் வருடங்களில் பெரும்பகுதி உறைந்துவிடும், பஃபலோவுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். பக்கத்திலிருக்கும் ஒன்டாரியோ ஏரி சராசரி 86 மீட்டர் ஆழம், முழுசாக உறைவது அபூர்வம், அதனால்தான் அதன் கிழக்கே டக் ஹில் என்கிற மேட்டுப்பகுதி குளிர்காலம் முழுக்க வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் உறைந்த ஏரியையும் நம்பிவிட முடியாது. 1976 டிசம்பரிலேயே ஈரி உறைந்துவிட்டது, அதன்மேல் பொடிப்பனி பல வாரம் படிந்து கிடந்தது, 1977 ஜனவரி 28-ல் பெருங்காற்று கிளம்பி அந்தப் பொடியை எல்லாம் வாரிக்கொண்டுவந்து பஃபலோவை மூடியது. வானத்திலிருந்து விழுந்ததைவிட ஏரியிலிருந்து பறந்து வந்ததுதான் ஊரை முடக்கியது.

மகளும் மருமகனும் கிளீவ்லாந்திலிருந்து பஃபலோவுக்குக் காரில் கிளம்பினார்கள். கிளம்பும்போது வெயில். நடுவழியில் போன் கட்டாகிவிட்டது, ஆறு மணி நேரம் தொடர்பு இல்லை. கடைசியில் நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள், ஆனால் அந்த ஆறு மணி நேரம் நான் கடலில் மகனைத் தேடுகிற மாதிரி இருந்தேன். அப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்?
– விசைப்படகுத் தொழிலாளி, ராமேஸ்வரம்

அண்ணே, நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதே ஏரிக்கரைச் சாலையில் நானும் ஒரு நவம்பர் ராத்திரி ஏழு மணி நேரம் நின்றிருக்கிறேன். சாயங்காலம் நட்சத்திரம் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் முன்னால் ஒரு வெள்ளைச் சுவர். அதற்குள் நுழைந்த பத்தாவது விநாடி என் வண்டியின் பானட் எனக்குத் தெரியவில்லை. விளக்கைக் கூட்டினால் வெள்ளை இன்னும் கண்ணை அடிக்கிறது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு ஒன்று இருந்தது, பிறகு அதுவும் இல்லை. எல்லாம் நின்றுவிட்டது.

உங்கள் தொழிலில் பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது என்ன? வள்ளம் கவிழ்ந்தாலும் வள்ளத்தை விடாதே, நீந்திக் கரை போகலாம் என்று நினைக்காதே. அங்கேயும் அதே சட்டம்தான். காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. விளக்கு பக்கத்தில் தெரிகிற மாதிரி இருக்கும், நூறு அடியில் திசை தப்பிவிடும், தேடி வருகிறவர்களுக்குக் கார்தான் கண்ணில் படும், ஆள் படமாட்டான். 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த பனிப்புயலில் பஃபலோ இருக்கிற ஈரி கவுண்டி என்கிற மாவட்டத்தில் மட்டும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். தெருவில் விழுந்து கிடந்தவர்களும் உண்டு, வண்டிக்குள்ளேயே போனவர்களும் உண்டு. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும்கூடப் பனியில் மாட்டிக்கொண்டன, கூப்பிட்டாலும் வர முடியவில்லை.

காருக்குள் இருக்கும்போது குளிரைவிட மோசமான ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை மருமகனுக்குத் தயவுசெய்து இன்றைக்கே சொல்லுங்கள். சூட்டுக்காக இன்ஜினை ஓடவிடுவார்கள். பின்னால் சைலன்சர் குழாய் வாயைப் பனி அடைத்துவிடும். புகை வெளியே போக வழியில்லாமல் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. லேசாகத் தலை வலிக்கும், தூக்கம் வரும், தூங்கினவர் எழமாட்டார். அதனால் இன்ஜினைப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் இறங்கி, கதவைப் பிடித்தபடியே பின்னால் போய் அந்தக் குழாயைச் சுத்தம் பண்ண வேண்டும். மணிக்குப் பத்து நிமிடம் ஓட்டினால் போதும். காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி வைக்க வேண்டும். அன்றைக்கு நான் ஏழு தடவை இறங்கினேன், கடைசியில் கையுறை விறைத்து விரல் மடங்கவில்லை, டிபன் டப்பா மூடியால்தான் தோண்டினேன்.

என்னிடம் அன்றைக்கு இருந்தது ஒரு கம்பளி, ஒரு பாட்டில் தண்ணீர், அம்மா கொடுத்தனுப்பிய கருப்பட்டி. அந்தக் கருப்பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டு கையையும் காலையும் அசைத்தபடியே இருந்தேன். தாகம் என்று பனியை அள்ளித் தின்னக் கூடாது, உடம்புச் சூட்டை அது உறிஞ்சிவிடும். ஏரியலில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட வேண்டும். 2014-ல் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணிப் பெண்கள் போன பஸ் அந்த நெடுஞ்சாலையில் ஒரு நாளுக்கு மேல் நின்றது, ஆகவே ஒரு மணி நேரத்து வழிதானே என்று வெறும் வண்டியில் கிளம்பக் கூடாது. இரண்டு கம்பளி, சின்ன மண்வாரி, டார்ச், போன் சார்ஜர், கடலைமிட்டாய், எந்நேரமும் பாதிக்கு மேல் பெட்ரோல். இவ்வளவும் நவம்பரில் டிக்கியில் ஏறிவிட வேண்டும், ஏப்ரலில்தான் இறங்க வேண்டும். மண்வாரியை மட்டும் சீட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், பனி ஏறினால் டிக்கியைத் திறக்க முடியாது.

இன்னொன்று. போனில் இருக்கிற மேப் "இந்த வழி சீக்கிரம்" என்று கிளைச்சாலைக்குத் திருப்பிவிடும். பனி தள்ளுகிற வண்டி முதலில் வருவது பெரிய சாலைக்குத்தான், கிளைச்சாலைக்கு மறுநாள்கூட வராது. மேப் சொல்வதைக் கேட்டு உள்ளே போகவே கூடாது.

அங்கே ரோட்டில் லாரி லாரியாக உப்பைக் கொட்டுகிறார்களாமே, உண்மையா? உப்புப் போட்டால் ஐஸ் எப்படி உருகும்?
– உப்பளத் தொழிலாளி, வாலிநோக்கம்

உண்மைதான். உங்களுக்கு இதை நான் விளக்குவதே அதிகப்படி, உப்புத் தண்ணீரின் குணம் உங்கள் கால் பாதத்துக்கே தெரியும். வெறும் தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையும், உப்புக் கரைந்தால் அதற்கும் கீழே போனால்தான் உறையும். குல்ஃபி ஐஸ்காரர் ஐஸில் உப்பைப் போட்டுக் குலுக்குவது இந்தக் குணத்தை வைத்துத்தான். ரோட்டில் உப்பு விழுந்ததும் ஐஸின் மேல் படலத்தில் கரைந்து அதை உறையவிடாமல் இளக்கிவிடுகிறது. ஆனால் குளிர் கழித்தல் 9 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் சாதா உப்பு சரியாக வேலை செய்யாது, அப்போது வேறு ரசாயனம் கலப்பார்கள் அல்லது மணல் தூவுவார்கள். "உப்புப் போட்டாச்சு, இனி பயமில்லை" என்று நினைத்து வேகம் எடுக்கிறவர்கள் மாட்டுவது அப்படிப்பட்ட நாளில்தான்.

அந்த உப்பு பாத்தி கட்டி விளைவது இல்லை, சுரங்கத்தில் வெட்டி எடுப்பது. அதில் ஒரு சுரங்கம் கிளீவ்லாந்தில் ஈரி ஏரிக்கு அடியிலேயே, அரை கி.மீ.க்கும் கீழே இருக்கிறது. மேலே இருக்கிற தண்ணீர் ரோட்டில் பனியைப் போடுகிறது, அதே ஏரிக்கு அடியில் இருக்கிற உப்பு அதைக் கரைக்கிறது. முதல்முதலில் கேட்டபோது எனக்கு நம் உப்பளங்கள்தான் கண்ணில் நின்றன. ஆனால் வண்டிகளுக்கு அது கேடு, நம் கடற்கரையில் சைக்கிள் துருப்பிடிக்கிற மாதிரி அங்கே கார்களின் அடிப்பாகம் அரித்துப்போகும்.

ரோட்டைப் பற்றிப் பேசும்போது பிளாக் ஐஸையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி மாதிரி மெல்லிய ஐஸ், பார்த்தால் ரோடு ஈரமாக இருக்கிற மாதிரிதான் தெரியும். மீன் ஏலக் கூடத்துத் தரையில் செருப்போடு ஓடினால் எப்படி வழுக்குமோ அதைப் போலப் பல மடங்கு. பிரேக் பிடித்து வண்டி நிற்கிற தூரம் ஐஸில் பத்து மடங்கு வரை போகும். பாலங்கள்தான் முதலில் உறையும், ஏனென்றால் மேலேயும் கீழேயும் காற்று, அடியில் மண்ணின் சூடு இல்லை. பாலம் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், பாலத்தின்மேல் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சடாரென்று தொடக் கூடாது.

எங்கள் காக்கா (அண்ணன்) அங்கே டெலிவரி வேலை பார்க்கிறார். பனி எச்சரிக்கை அன்றைக்கும் வண்டியை எடுக்கச் சொல்கிறார்களாம். வேலை போய்விடுமோ என்று பயந்து போகிறார். வாப்பா, உம்மா இருவருக்கும் தூக்கமே இல்லை.
– ஒரு தங்கை, கீழக்கரை

தங்கச்சி, அந்தப் பயம் எனக்கும் தெரியும். நான் வேலை பார்த்த இடத்திலும் மேலாளர் ஒருவர், "மற்றவங்க எல்லாம் வந்துட்டாங்க, உனக்கு மட்டும் என்ன" என்றுதான் கேட்டார். அன்றைக்குப் போனேன், ரோட்டோரப் பள்ளத்தில் வண்டி இறங்கியது, உயிர் பிழைத்தது என் திறமையால் இல்லை. அதற்கப்புறம் நான் போகவில்லை, வேலையும் போகவில்லை.

காக்காவிடம் இதைச் சொல்லு. எச்சரிக்கையில் படிகள் உண்டு. "கவனமாகப் போங்கள்" என்பது ஒன்று, "டிராவல் பேன்" என்பது வேறு. இரண்டாவது, சட்டப்படியான தடை. அவசர வேலைக்காரர்கள் தவிர யாரும் வண்டி எடுக்கக் கூடாது, எடுத்தால் போலீஸ் அபராதம் போடலாம். தடை போட்ட அறிவிப்பைப் போனில் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பிவிட்டு, "வர முடியாது" என்று எழுத்திலேயே சொல்லட்டும். தடை வருவதற்கு முன்னால் இருக்கிற நேரம்தான் சிக்கல், தடை சில சமயம் தாமதமாகத்தான் வரும். அதனால் லேக் எஃபெக்ட் வார்னிங் வந்த உடனேயே ஷிஃப்டை மாற்றிக் கேட்கச் சொல்லு. நம் கரையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் மீன்துறை டோக்கன் தராது, முதலாளி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் படகு போகாது. காற்று 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவைப்பார்கள், அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1964-ல் தனுஷ்கோடிக்குப் போன ரயில் என்ன ஆனது என்பதை உங்கள் வாப்பாவின் வாப்பா சொல்லியிருப்பார். காக்கா பயந்து ஒதுங்கினார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஜனவரியில் மகளைப் பார்க்கச் சிரக்யூஸ் போகிறோம். எனக்கு 66, வீட்டுக்காரருக்கு 71. என்ன எடுத்துப்போக வேண்டும்?
– ராமநாதபுரம் வாசகி

ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிசாக மூன்று அடுக்குத் துணி நல்லது அக்கா. உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது, குளிர் எலும்புக்குப் போகும். பூட்ஸை அங்கே போய் வாங்குங்கள், இங்கே கிடைப்பது அந்தத் தரைக்கு உதவாது. நியூயார்க்கில் இறங்கிக் காரில் போகலாம் என்று மருமகன் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சிரக்யூஸ் வரைக்கும் விமானத்திலேயே போய்விடுங்கள்.

துணியைவிட முக்கியம் ஒன்று. காலையில் வாசலில் பனி குவிந்திருக்கும், மருமகன் வேலைக்குப் போயிருப்பார், உங்கள் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது, மண்வாரியை எடுத்துவிடுவார். விடவே விடாதீர்கள். ஈரப்பனி கல் கனம் கனக்கும், குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், வாரிப் போடுகிற வேலையில் நெஞ்சடைத்து இறப்பவர்கள் அங்கே ஒவ்வொரு குளிர்காலமும் இருக்கிறார்கள்.

மகள் ரோட்டில் இருக்கும்போது அடிக்கடி போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்கலாமா? மனசு கேட்கவில்லை.
– ஒரு தாய், தேவிபட்டினம்

ஓட்டும்போது செய்யாதீர்கள் அம்மா. குளிரில் போன் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், மாட்டிக்கொண்டால் அந்தச் சார்ஜ்தான் அவளுக்கு வேண்டும். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம். நீங்கள் காலை ஐந்து மணிக்கு எழும்போது அங்கே முந்தின நாள் சாயங்காலம் ஆறரை, வேலை முடிந்து கிளம்புகிற நேரம். அந்த நேரத்தைக் கணக்கு வைத்து, அவள் கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பேசுங்கள். எந்த வழி, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாய், பெட்ரோல் பாதிக்கு மேல் இருக்கா, கம்பளி வண்டியில் இருக்கா என்று கேட்டுத் தாளில் குறித்துவையுங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் ஆகியும் தகவல் வரவில்லை என்றால் அங்கே அவளுக்குப் பக்கத்தில் இருக்கிற தோழிக்கு முதலில் போன் போடுங்கள். அந்தத் தோழியின் நம்பரை இன்றைக்கே வாங்கிவைத்துவிடுங்கள்.